பால் பல் வலி: ஊசி, டிரில் இல்லாம முடியுமா? உங்க கேள்விகள் சில

பொண்ணுக்கு 4 வயசு, கடைவாய்ப் பல்லுல ஓட்டை. டிரில்னு சொன்னாலே அலறுறா, வேற வழி இருக்கா டாக்டர்?

இருக்கும்மா, ஆனா வலி எப்ப வருதுன்னு முதல்ல பாருங்க. இனிப்பு, ஐஸ்க்ரீம் பட்டா மட்டும் சுருக்குன்னு வந்து உடனே போயிடுச்சுன்னா நரம்பு பெரும்பாலும் தப்பிச்சிருக்கும், எக்ஸ்ரேல அது உறுதியாச்சுன்னா ஹால் டெக்னிக் பண்ணலாம், அதாவது பல்லை ராவாம, சொத்தையைச் சுரண்டாம, அளவு பாத்து ஒரு ஸ்டீல் கேப்பை சிமெண்ட் வச்சு அழுத்தி மாட்டிடுவோம், அவ்ளோதான். உள்ள மாட்டுன கிருமிக்குத் தீனி போகாது, சொத்தை அங்கேயே நின்னுடும். ஸ்காட்லாந்து டாக்டர் நோர்னா ஹால் பேர்லதான் இது வழங்குது. பல்லுக்கு நடுவுல இடம் பத்தலன்னா சில நாள் முன்னாடியே குட்டி ரப்பர் வளையம் போடுவாங்க. கேப் போட்டதும் கடி தூக்கலா நிக்கும், பதறாதீங்க, சில வாரத்துல தானா சரியாகிடும்.

மருந்து தடவுனா பல் கருப்பாயிடுமாமே?

ஆமா. அது சொத்தை மேல பரவாம நிறுத்துற மருந்து, 38 சதவீத சில்வர் டயமைன் ஃப்ளூரைடு. சொத்தை இருக்குற இடம் மட்டும் கருப்பாகும், அந்தக் கருப்பு போகாது, நல்ல பகுதிக்கு ஒண்ணும் ஆகாது. கடைவாய்ப் பல்லுன்னா யாரு பாக்கப்போறா, நான் தயங்காம தடவுவேன். வெள்ளி அலர்ஜி இருந்தா வேணாம். ஒரு தடவையோட விட்டுடாதீங்க, 6 மாசம் கழிச்சு திரும்பத் தடவணும்.

பையன் ராத்திரி வலியில எழுந்து அழுறான், ஆன்டிபயாடிக் போதாதா?

போதாதுங்க. சும்மா இருக்கும்போதே வலிக்குதுன்னா சொத்தை நரம்பைத் தொட்டாச்சு, மேல சொன்ன ரெண்டும் இதுக்கு ஆகாது, மரத்துப்போற ஊசி போட்டு வைத்தியம் பண்ணித்தான் ஆகணும். மேல் நரம்பை எடுத்துட்டுப் பாப்போம், ரத்தம் சில நிமிஷத்துல நின்னா வேர் நரம்பை விட்டுட்டு எம்டிஏங்கிற ஒரு வகை சிமெண்ட் வச்சு மூடி கேப் போட்டுடலாம், நிக்கலன்னா வேரையும் சுத்தம் பண்ணணும், இல்ல பல்லையே எடுக்கணும். அதுவரைக்கும் எடைக்கேத்த பாராசிட்டமால் குடுங்க, ஆஸ்பிரின் வேணவே வேணாம். முகம் வீங்கி காய்ச்சலும் அடிச்சா அன்னைக்கே ஓடுங்க.

எப்படியும் விழப்போற பல்லுதானே, பிடுங்கிடலாமா?

ஆடுற முன் பல்லுன்னா விடுங்க, தானா விழும். கடைவாய்ப் பால் பல் 10-12 வயசு வரைக்கும் வேலை செய்யணுமே! சின்ன வயசுலயே எடுத்துட்டா 6 வயசுல வர்ற பெரிய பல்லு முன்னாடி சாஞ்சு அந்த இடத்தைப் பிடிச்சுக்கும், எடுத்தே ஆகணும்னா இடம் காக்குற கம்பி தேவையான்னு அப்பவே கேட்டுடுங்க.