லேசர் வாட்ச் கட்டினால் சுகர் குறையுமா?

கேட்டது இதுதான்: மணிக்கட்டில் கட்டினால் உள்பக்கம் சிவப்புப் புள்ளிகள் எரியும் லேசர் வாட்சை அப்பாவுக்கு வாங்கலாமா, சுகர் மாத்திரையை நிறுத்திவிடலாமா? வாட்ச் உங்கள் இஷ்டம், மாத்திரையில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

ஒளிக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2024-ல் லண்டனில் பவ்னர், ஜெஃப்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 30 பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனையில், பாதிப் பேருக்கு முதுகில் 670 நானோமீட்டர் சிவப்பு வெளிச்சத்தை 15 நிமிடம் காட்டி, அப்புறம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் விரலில் குத்திக் குத்திப் பார்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியது 27.7 சதவீதம் குறைவாக இருந்தது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா அந்த ஒளியில் சுறுசுறுப்பாகி கூடுதல் குளுக்கோஸை எரிக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். சரி, ஆனால் அந்த 30 பேரில் ஒருவருக்கும் சுகர் கிடையாது, காட்டியதும் லேசர் இல்லை, எல்இடி. வாட்ச் விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

சுகர்காரர்களுக்கு லேசர் நிஜமாகவே கைகொடுப்பது கண்ணில்தான். முற்றிய நிலையில் விழித்திரையில் புதிதாக முளைக்கும் நோஞ்சான் ரத்தக்குழாய்கள் கசிந்து பார்வையைப் பறிக்காமல் இருக்க, ஓரப்பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் பொட்டுப் பொட்டாகச் சுடுவார்கள். 1970-களிலேயே நிரூபணமான சிகிச்சை இது. பார்வையைக் காப்பாற்றும், சர்க்கரையை ஒரு புள்ளிகூடக் குறைக்காது.

அப்பாவுக்கு விழித்திரைப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்?