பத்துச் சதுரத்துக்கு எத்தனை ஈர்க்குச்சி?

கேள்வி: நாங்கள் குடியாத்தத்தில் இருக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று துளைத்தெடுக்கிறாள். சரி, கணக்குப் புதிர் கொடுப்போம் என்று மொபைலில் தேடிக் கேட்டால், இரண்டே நிமிடத்தில் "விடையைச் சொல்லும்மா" என்கிறாள். பாதிப் புதிருக்கு எனக்கே விடை தெரிவதில்லை. எந்த மாதிரிப் புதிர் கொடுக்கலாம்?

பதில்: மொபைலில் சுற்றும் புதிர்களில் பல, தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது என்கிற ரகம். குழந்தை உட்கார்ந்து செய்து பார்க்க அதில் ஒன்றும் இருக்காது. கையால் செய்து, சரியா தப்பா என்று தானே பார்த்துக்கொள்ள முடிகிற புதிராகக் கொடுங்கள்.

துடைப்பத்திலிருந்து நாலைந்து ஈர்க்குச்சி உருவி, தீக்குச்சி நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். (உங்கள் ஊரில் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் மருந்து வைத்த குச்சி விளையாட்டுக்கு வேண்டாம்.) நான்கு குச்சியில் ஒரு சதுரம். அதை ஒட்டியே அடுத்தது. இப்படி வரிசையாகப் பத்துச் சதுரம் வைக்க எத்தனை குச்சி வேண்டும்? "நாற்பது" என்பாள். ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். இரண்டு சதுரம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏழு குச்சிதான் ஆகும், நடுக்குச்சி இரண்டுக்கும் பொது. மூன்று சதுரத்துக்கு 10. அப்புறம் அவளே பிடித்துக்கொள்வாள்: முதல் சதுரத்துக்கு 4, பிறகு ஒவ்வொன்றுக்கும் 3, ஆக 31. என்னிடம் வந்த ஒரு பையன் வேறு மாதிரி எண்ணினான்: மேலே படுத்திருப்பவை 10, கீழே 10, நிற்பவை 11. இதுவும் 31. இரண்டு வழியும் எப்படி ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன என்று அரைமணி நேரம் அந்தக் குச்சிகளை விட்டு அவன் எழுந்திருக்கவில்லை.

அடுத்து படிக்கட்டு. சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி. நமக்கு ஐந்து போதும். ஒரு தடவைக்கு ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம் என்றால், ஐந்து படியை எத்தனை விதமாக ஏறலாம்? நேராக ஐந்தில் ஆரம்பித்தால் குழம்பும். ஒரு படிக்கு 1 விதம், இரண்டுக்கு 2, மூன்றுக்கு 3, நான்குக்கு 5, ஐந்துக்கு 8. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருகிறது. ஏன்? கடைசியாக எடுத்து வைத்தது ஒரு படி என்றால் அதற்கு முன் நாலாம் படியில் நின்றிருப்பாள், இரண்டு படி என்றால் மூன்றாம் படியில். இதைத் தமிழ்ப் பாடத்துக்கும் கொண்டுபோகலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையைக் குறிலும் நெடிலுமாக எத்தனை விதத்தில் நிரப்பலாம்? அதே 5. இத்தாலிக்காரர் பிபனாச்சி 1202-ல் முயல் கணக்காக எழுதிய எண்கள்தாம் இவை. அதற்கு முன்பே, 1150 வாக்கில், குஜராத்துச் சமண அறிஞர் ஹேமச்சந்திரர் செய்யுளின் அளவைக் கணக்கிடும்போது இவற்றைச் சொல்லிவிட்டார்.

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும், தடவைக்கு ஒன்றாக ஓடத்தில் அக்கரை சேர்க்கும் புதிர் உங்களுக்கே தெரிந்திருக்கும். தனியே விட்டால் புலி ஆட்டையும், ஆடு புல்லையும் தின்றுவிடும். கொண்டுபோன ஆட்டைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று தோன்றுவதுதான் அதில் முடிச்சு. மொத்தம் 7 நடை. நான் பாலாறு என்று வைத்துக் கேட்டபோது, "அதுலதான் தண்ணியே இல்லையே, நடந்தே போகலாமே" என்றது ஒரு வாண்டு. அதற்கும் மார்க் போட்டேன்.

உங்களுக்கு விடை தெரியாததைக் குறையாக நினைக்க வேண்டாம். "எனக்கும் தெரியலை, வா, சின்னதா வச்சுப் பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்காருங்கள். அவள் விடை கேட்கும்போதெல்லாம் எண்ணை மட்டும் குறைத்துக் கொடுங்கள். சலித்துவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம்.

31 கிடைத்த பிறகு இதைக் கேளுங்கள்: 50 குச்சி இருந்தால் எத்தனை சதுரம், மிச்சம் எத்தனை? இதற்கு விடை எழுதப் போவதில்லை. துடைப்பம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.