வாசகர் கேள்வி – பதில்: கைவிட்ட பாலத்தை அகற்றுவது ஏன் கடினம்?

கேள்வி: போக்குவரத்து நின்றுபோன பழைய இரும்புப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தால் ஒரே நாளில் வேலை முடியாதா?

பதில்: வண்டி ஓடாவிட்டாலும் பாலம் தன் எடையைச் சுமந்துகொண்டேதான் நிற்கிறது. ஆபத்து அங்கேதான். ட்ரஸ் பாலத்தில், அதாவது இரும்புச் சட்டங்களை முக்கோணங்களாகப் பிணைத்த பாலத்தில், சில உறுப்புகள் இழுபட்டும் சில அழுத்தப்பட்டும் இருக்கும். இழுபட்டு நிற்கும் ஒன்றை கேஸ் கட்டரால் அறுத்தால், அதன் சுமை நொடியில் அடுத்த உறுப்புக்குத் தாவும். துருவேறி மெலிந்த உறுப்பு அதைத் தாங்காது. அதனால் முதலில் தார், தளம் எல்லாவற்றையும் இரு பக்கமும் சமமாக எடுத்து எடையைக் குறைப்பார்கள். பிறகு தற்காலிகத் தாங்கிகளில் ஜாக்கி வைத்துச் சுமையை மாற்றி, கட்டிய வரிசைக்கு நேர் எதிராகப் பிரிப்பார்கள். பழைய வரைபடம் கிடைக்காவிட்டால் இந்த வரிசையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

நியூயார்க்கின் பழைய டாப்பன் சீ பாலத்தில் 2018 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். பிரித்துக்கொண்டிருந்தபோதே ஒரு பகுதி நிலைகுலைந்தது. பணியாளர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதைத்தான் 2019 ஜனவரியில் வெடிவைத்து ஆற்றில் வீழ்த்தினார்கள். அதன் பிறகும் விழுந்த இரும்பைத் தண்ணீரிலிருந்து தூக்கும் வேலை இருந்தது.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். சுடர் பட்டால் அது நச்சுப்புகையாகும். அறுக்கும் கோட்டின் இருபுறமும் குறைந்தது 10 செ.மீ. சுரண்டிய பிறகே கட்டரைத் தொட வேண்டும். பாலத்தோடு போகும் குடிநீர்க் குழாய், மின்கேபிள்களுக்கும் முன்கூட்டியே மாற்றுவழி வேண்டும்.

கேள்வி: கான்கிரீட் பாலம் என்றால் எளிதுதானே?

பதில்: இல்லை. முன்தகைவுக் கான்கிரீட் (உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டி வலுவூட்டியது) உத்தரத்துக்குள் அந்தக் கம்பிகள் விறைப்பாக இழுபட்டு நிற்கின்றன. அவற்றைச் சுற்றி சிமென்ட் கூழ் சரியாக நிரம்பியிராவிட்டால், அறுத்ததும் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும் நங்கூர முனை அம்புபோலப் பாயும். முனைக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது.

கேள்வி: தண்ணீருக்குள் இருக்கும் தூண்களை ஏன் முழுதாகப் பிடுங்குவதில்லை?

பதில்: அஸ்திவாரம் வெகு ஆழம் போயிருக்கும், பிடுங்கினால் சேறு கலங்கும், பெரும்பள்ளம் விழும். படுகைமட்டத்துக்குக் கீழே வெட்டி மூடுவதே வழக்கம். மட்டத்துக்கு மேல் கட்டையாக விட்டுப்போவதை நான் ஏற்க மாட்டேன்: படகு மோதும், சுழலும் நீர் படுகையை அரிக்கும்.

வெடிவைத்தால் நீரில் பாயும் அதிர்வலை மீன்களின் காற்றுப்பையைக் கிழித்துவிடும். 1936-இல் திறந்த சான் பிரான்சிஸ்கோ–ஓக்லண்ட் பாலத்தின் இ3 தூணை 2015 நவம்பரில் தகர்த்தபோது, சுற்றிலும் குழாய்களில் காற்றைச் செலுத்திக் குமிழித்திரை எழுப்பினார்கள். குமிழிகள் அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும்.