கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்றால்

எட்டுப் பேர் குழுவுக்கு நாள் முழுக்க ஓடும் வீடியோ அறை செய்தேன், இரண்டே வாரத்தில் பாதிப் பேர் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள், லேப்டாப்பும் கொதிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

சூடு சுலபமான பிரச்சினை. நேரடி மெஷ் இணைப்பில், அதாவது எல்லாரும் எல்லாரோடும் நேராக இணைந்திருக்கும்போது, ஒவ்வொருவரும் தன் வீடியோவை ஏழு தடவை அனுப்புகிறார். நடுவில் எஸ்எஃப்யூ சர்வர் (வரும் வீடியோவை வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்து அனுப்பும் சர்வர்) வைத்தால் ஒரு தடவை அனுப்பினால் போதும்.

ஸ்டிக்கர்தான் முக்கியம். எப்போது, யார் பார்க்கிறார் என்று தெரியாமல் எட்டு மணி நேரம் உட்கார யாராலும் முடியாது. 1990களின் தொடக்கத்தில் ஜெராக்ஸின் கேம்பிரிட்ஜ், பாலோ ஆல்டோ ஆய்வகங்களுக்கு இடையே போர்ட்ஹோல்ஸ் என்று, தூரத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அமைப்பு ஒன்றை ஓட்டினார்கள். அதில் ஓடும் வீடியோவே கிடையாது, அவ்வப்போது மாறும் சின்னச் சின்ன நிழற்படங்கள்தான். ஆள் இருக்கையில் இருக்கிறாரா, யாருடனாவது பேசுகிறாரா என்று தெரிய அது போதும். அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தின் இன்னொரு வீடியோ அமைப்பில், ஒருவர் கேமரா வழியே உங்களை எட்டிப் பார்த்தால் கதவு திறக்கும் சத்தம் கேட்கும், போனதும் மூடும் சத்தம். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

நீங்களும் நிமிடத்துக்கு ஒரு மங்கலான படம் மட்டும் அனுப்புங்கள். ஒருவர் படத்தைத் தட்டினால் இருவர் முகமும் ஒரே நேரத்தில் தெரியட்டும். மைக் எப்போதும் மூடியே இருக்கட்டும், எதிர்முனை சம்மதித்த பிறகு திறக்கலாம். அப்புறம், 'கதவைச் சாத்து' பொத்தானைத் திரையிலேயே பெரிதாக வையுங்கள், செட்டிங்ஸுக்குள் புதைக்காதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் தேடியது அதைத்தான்.