சாரண, சாரணியரின் தேசியப் பெருமுகாமான ஜாம்பூரியில் பல்லாயிரம் பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறார்கள்? நம்பி அனுப்பலாமா?

ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் சாரணியர் படையில் இருக்கிறாள், அத்தனை கூட்டத்தில் தொலைந்துவிட மாட்டாளா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பள்ளியில் சாரண ஆசிரியர். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் நடந்த, பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழா ஜாம்பூரிக்கு எங்கள் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன்.

அங்கே யாரும் பல்லாயிரம் பேரை மொத்தமாகச் சமாளிப்பதில்லை. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்தால் ஓர் அணி, அதற்கு அவர்களில் ஒருவரே தலைவர். நாலு அணி சேர்ந்தால் ஒரு படை. படைகள் சேர்ந்து மாநிலக் குழு, மாநிலக் குழுக்கள் சேர்ந்து துணை முகாம். மேலே முடிவாகும் செய்தி இந்தப் படிகளில் இறங்கி, கடைசியில் அணித்தலைவரின் வாய்வழியாகத்தான் பிள்ளைக்குப் போகும். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சுமார் இருபது பையன்களை நாலு அணியாகப் பிரித்து முகாம் நடத்தினார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிய 2023 ராஜஸ்தான் ரோஹட் ஜாம்பூரியும் அதே அடித்தளத்தில்தான் நடந்தது.

தண்ணீர், கழிப்பறை, மின்சாரம், மருத்துவம், தீயணைப்பு எல்லாம் அரசுத் துறைகளும் இயக்கமும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். வெட்டவெளியில் ஒரு வாரத்துக்கு ஓர் ஊரையே எழுப்புவது பெரிய வேலைதான். ஆனால் அந்த ஊர் ஒழுங்காக ஓடுவது பிள்ளைகளால்.

காலையில் கூடார ஆய்வு வரும். அதற்குள் படுக்கை மடித்து ஒரே வரிசையில் இருக்க வேண்டும், தட்டும் டம்ளரும் கழுவிக் கவிழ்த்திருக்க வேண்டும். அந்தத் தட்டு வைக்கும் தாங்கியையே பிள்ளைகள் கம்பும் கயிறும் கொண்டு கட்டியிருப்பார்கள், ஆணி கிடையாது. கம்பில் கிளோவ் ஹிட்ச் என்ற முடிச்சைப் போட்டுத் தொடங்கி, குறுக்குக் கம்பைச் சேர்த்து மூன்று சுற்று இறுக்கி, நடுவே இரண்டு சுற்று நெருக்கி, மறுபடி கிளோவ் ஹிட்ச்சில் முடிப்பார்கள். முகாம் வாசலில் நிற்கும் பெரிய அலங்கார வளைவும் இதே கட்டுதான். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுக்காத பையன் அங்கே மற்றவன் கட்டிய முடிச்சைச் சரிபார்ப்பதைப் பார்க்கையில் மனசு நிறைந்துபோகும். இதற்காகத்தான் இவ்வளவு செலவும் அலைச்சலும் தகும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அணிவகுப்பு, சாகசப் பயிற்சி, கண்காட்சி, இரவில் பாசறைத் தீ என்று நாள் போய்விடும். உணவுத் திருவிழா அன்று ஒவ்வொரு மாநிலப் பிள்ளைகளும் தங்கள் ஊர்ப் பலகாரத்தைச் செய்து பரிமாறுவார்கள். மொழி தெரியாமலே நட்பாகி, கழுத்துப் பட்டியையும் பேட்ஜையும் மாற்றிக்கொள்வார்கள்.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். சாரணியருக்குத் தனி முகாம்தான், உடன் தங்குவது பெண் ஆசிரியர்கள். இருந்தாலும் அனுப்புவதற்கு முன் உங்கள் பள்ளியில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஆசிரியை கூட வருகிறார், மகளின் அணித்தலைவி யார், அந்த அணி இதற்கு முன்பு ஒன்றாக ஓர் இரவாவது முகாமில் தங்கியிருக்கிறதா. மூன்றாவது மிக முக்கியம். கிளம்பும் வாரத்தில் அவசரமாகச் சேர்த்த அணி என்றால், இந்த முறை வேண்டாம், மாவட்ட முகாம் ஒன்றுக்கு முதலில் அனுப்புங்கள்.