மீன் டாக்டர் பதில்கள்: மாத்திரையைப் பொடித்துப் போடலாமா?

கேள்வி: வால் அழுகல் வந்த என் தங்கமீன்களுக்கு ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் கொடுத்தேன். புண் ஆறிவிட்டது. ஆனால் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. கழிவு வெள்ளை நூல் மாதிரி தொங்குகிறது. குடலில் இருந்த நல்ல பாக்டீரியாவும் செத்துவிட்டதா? நான் சாப்பிடும் புரோபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடலாமா?

பதில்: மாத்திரையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த வெள்ளை நூலைக் கவனிப்போம். சாப்பிடாத மீனின் குடலிலிருந்து வெறும் சளி இப்படி வரும். குடலில் ஒட்டுண்ணி இருந்தாலும் இப்படித்தான் வரும். புதிதாக விழுந்த கழிவில் ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புழு முட்டையோ, துறுதுறுவென்று ஓடும் நுண்ணுயிரோ இருந்தால் அதற்குத்தான் வைத்தியம்.

ஒன்றும் இல்லையா? அப்படியானால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து மற்றதையும் விட்டுவைக்காது. தங்கமீன், கெண்டை, திலேப்பியா போன்ற நன்னீர் மீன்களின் குடலில் செட்டோபாக்டீரியம் என்று ஒன்று உண்டு. வைட்டமின் பி12 தயாரிப்பது அதன் வேலை. தீவனத்தில் பி12 சேர்க்காவிட்டாலும் திலேப்பியா நன்றாக வளர்வது குடல் பாக்டீரியாக்களின் புண்ணியத்தில்தான். இன்னொரு வேலை, இடத்தை அடைத்துக்கொள்வது. ஏரோமோனாஸ் என்ற நோய் தரக்கூடிய பாக்டீரியா ஆரோக்கியமான மீனின் குடலிலும் இருக்கும். சுற்றிலும் கூட்டம் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். கூட்டம் கலைந்து, தொட்டியில் நெரிசலும் அம்மோனியாவும் சேர்ந்து மீனும் தளர்ந்தால், அதுவே நோயாகக் கிளம்பிவிடும்.

சரி, உங்கள் மாத்திரை ஏன் வேண்டாம்? உங்கள் குடலில் எப்போதும் 37 டிகிரி வெப்பம். தங்கமீனின் குடலிலோ தொட்டித் தண்ணீரின் வெப்பம்தான். சூட்டுக்குப் பழகிய பாக்டீரியா 20 டிகிரியில் மந்தமாகிவிடும். மீன் தீவனத்துக்கென்றே வரும் பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியாக்களின் பொடிகளைப் பாருங்கள். இவை வித்தாக உறங்கிக் கிடப்பதால் காய்ந்த தீவனத்தில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். பொடியைச் சில சொட்டு எண்ணெயில் குழைத்து, தீவன உருண்டைகள் மேல் பிசறி, நிழலில் உலரவிட்டுப் போடுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் பொடி மீனின் வாய்க்குப் போகுமுன் தண்ணீரில் கரைந்துவிடும். ஆன்டிபயாடிக் முடிந்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். ஒரே தடவை போட்டால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நிறுத்தினால் பெரும்பாலும் இவை குடலிலிருந்து மறைந்துவிடும்.

கேள்வி: ஃபில்டருக்காக வாங்கிய பாக்டீரியா பாட்டில் இருக்கிறது. அதையே தீவனத்தில் கலந்தால் போதாதா?

பதில்: போதாது. அந்தப் பாட்டிலில் பெரும்பாலும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் வகைகள்தான் இருக்கும். குடலுக்குள் அவற்றுக்கு வேலை இல்லை. ஃபில்டரிலேயே ஊற்றுங்கள். தண்ணீர் நன்றாக இருந்தால் குடலும் பாதி தேறிவிடும் என்பது என் அனுபவம்.

கேள்வி: பாக்டீரியாவே இல்லாமல் ஒரு மீன்குஞ்சு வளர்ந்தால் என்ன ஆகும்?

பதில்: செய்தே பார்த்திருக்கிறார்கள். வரிக்குதிரை மீன் முட்டைகளின் மேல்புறத்தைச் சுத்தப்படுத்தி, கிருமியில்லாத தண்ணீரில் பொரிக்கவைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. அந்தக் குஞ்சுகளின் குடல் முதிரவே இல்லை. புரதத்தைச் சரியாக உள்ளே இழுக்கவில்லை. பிறகு பாக்டீரியாவைச் சேர்த்ததும் குடல் தேறிக்கொண்டது. அதனால், குஞ்சுத் தொட்டியில் தினமும் கிருமிநாசினி ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். குஞ்சுக்கு முதல் பாக்டீரியா வருவதே முட்டைத் தோலிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் முதல் இரையிலிருந்தும்தான். நன்றாக ஓடிப் பழகிய ஃபில்டரின் தண்ணீரில் குஞ்சுகளை விடுவது, புத்தம்புதுத் தண்ணீரைவிட மேல்.