ஒருத்தி சொன்னால் போதுமா? – கடிதம்

வணக்கம் அக்கா,

சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் உறவில் ஒரு பெண் பிள்ளை, வயது 14. அதே வீட்டில் இருந்த நெருங்கிய உறவினர் மேல் புகார் கொடுத்து, போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கு நடக்கிறது. மருத்துவ அறிக்கையில் காயம் எதுவும் இல்லை. பார்த்தவர்கள் யாருமில்லை. பல மாதம் கழித்துத்தான் சொன்னாள். தேதியை ஒருமுறை பொங்கலுக்கு முன்பு என்கிறாள், இன்னொருமுறை பின்பு என்கிறாள். ஒருத்தி வார்த்தையை மட்டும் வைத்து ஒருவரை 20 வருஷம் உள்ளே தள்ள முடியுமா? சொத்துத் தகராறு வேறு இருக்கிறது. பெரியவர்கள் சமரசமாகப் போகலாம் என்கிறார்கள். அடுத்த மாதம் அவள் சாட்சி சொல்ல வேண்டும். யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையின் பெயர், பள்ளி, தெரு எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். அதை வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி குற்றம். வெட்டிவிட்டேன், வயதையும் மாற்றியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கும் இப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள்.

ஒருத்தி சொன்னால் போதுமா? போதும். இத்தனை சாட்சி வேண்டும் என்று நம் சாட்சியச் சட்டம் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. 1996-இல் பஞ்சாப் அரசு எதிர் குர்மீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: பாதிக்கப்பட்டவளின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. குடும்ப மானத்துக்குப் பயந்து தாமதமாகப் புகார் வருவதையும் அதே தீர்ப்பு புரிந்துகொள்கிறது. தேதி விஷயத்துக்கு 1983-இன் பர்வாடா வழக்கு இருக்கிறது. குஜராத்தில் ஒரு அரசு ஊழியரின் மகளைப் பார்க்க வந்த இரண்டு சிறுமிகள் சம்பந்தப்பட்டது. சாட்சி ஒன்றும் வீடியோ டேப் இல்லை, சின்னச் சின்ன முரண்பாட்டைப் பெரிதாக்காதே என்றது நீதிமன்றம். (அதே தீர்ப்பில் மேல்நாட்டுப் பெண்ணையும் நம் ஊர்ப் பெண்ணையும் ஒப்பிட்டு, நம்மவள் இப்படிப் பொய் சொல்ல மாட்டாள் என்கிற ஒரு வாதமும் வரும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பெண்களை நம்புவதற்கு அவர்களைத் தெய்வமாக்க வேண்டுமா என்ன?) சொத்துத் தகராறா? எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கட்டாயம் கேட்பார், அதற்குத்தான் ஃபீஸ் வாங்குகிறார். நீங்கள் எதற்கு இலவசமாக அந்த வேலையைப் பார்க்கிறீர்கள்? நீதிமன்றம் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் இல்லை. 2012-இல் ராய் சந்தீப் வழக்கில் புகார் சொன்னவரின் சாட்சியம் அப்பழுக்கில்லாததாக இல்லை என்று விடுதலையே செய்திருக்கிறது.

இதெல்லாம் எந்த வக்கீலும் சொல்லுவார். நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

1952-இல் ராமேஷ்வர் எதிர் ராஜஸ்தான் என்று ஒரு வழக்கு. எட்டு வயதுப் பெண் குழந்தை. நடந்ததை அன்றைக்கே அம்மாவிடம் சொன்னாள். நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு, குழந்தை அம்மாவிடம் அப்படி உடனே சொன்னதையே அவள் சாட்சியத்துக்கு வலு சேர்க்கும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. அம்மா என்பதால் அவள் சாட்சியைத் தள்ளவும் இல்லை. எழுபது வருஷத்துக்கு முன்பே நீதிமன்றம் அம்மாவின் காதுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்துவிட்டது. வீடுதான் கொடுக்க மாட்டேன் என்கிறது.

வடசென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருந்தார். மகளைக் கையைப் பிடித்து மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனவரே அவர்தான். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அவருடைய கூடப்பிறந்த தம்பி. மகள் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தாள். அப்புறம் தம்பிக்கு ஜாமீன் கிடைத்தது. பாட்டி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மாமாக்கள் ஞாயிறுதோறும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்ததும் அந்தத் தம்பிதான், அதுவும் நின்றது. யாரும் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவள் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். சாட்சி நாளில் நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், உள்ளே ரகசிய விசாரணை. மகள், "போலீஸ் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்" என்றாளாம். அம்மா, எனக்கு எதுவும் தெரியாது என்றாராம். பிறழ் சாட்சி. விடுதலை. வெளியே வந்த மாமா ஒருவர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மாஜிஸ்திரேட்டிடம் சொன்ன வாக்குமூலம் இருக்கிறதே என்பீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய 164-ஆம் பிரிவு, இப்போது புதுச் சட்டத்தில் 183. அது தனியாக நிற்கும் சாட்சியம் இல்லை தம்பி. கோர்ட்டில் அவள் சொல்வதை ஆதரிக்கவோ மறுக்கவோ மட்டும்தான் பயன்படும். டிஎன்ஏ மாதிரி ஏதாவது இல்லாவிட்டால், அந்த ஒரு நாளில் அவள் வாய் திறப்பதில்தான் வழக்கே நிற்கிறது. எதிரி அவள் கண்ணில் படக்கூடாது, கேள்விகள் நீதிபதி வழியாகப் போக வேண்டும், மிரட்டிக் கேட்கக் கூடாது என்றெல்லாம் போக்சோவில் இருக்கிறது. எல்லாம் கோர்ட் வாசலுக்கு உள்ளே. முந்தின நாள் ராத்திரி சமையலறையில் என்ன பேசப்பட்டது என்பதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. கோர்ட் வழக்கை எடுத்துக்கொண்ட முப்பது நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும் என்கிறது போக்சோவின் 35-ஆம் பிரிவு. தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அந்தச் சமையலறைக்குத்தான் லாபம். 2019-இல் இம்மாதிரிக் கடுமையான வன்கொடுமைக்குக் குறைந்தபட்ச தண்டனையை 10 வருஷத்திலிருந்து 20 ஆக்கினார்கள். ஊரே கைதட்டியது. வீட்டுக்குள்ளே, "உன்னால ஒரு ஆளு 20 வருஷம்" என்று அந்தச் சுமையும் பிள்ளை தலையில் ஏறியது. உங்கள் கடிதத்திலும் அந்த 20 எவ்வளவு சரியாக வந்து உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்.

சமரசம் பேசும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: சமரசத்தைக் காட்டிப் போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. அவர்கள் கேட்பது சமரசம் அல்ல, அந்தப் பிள்ளை மாற்றிச் சொல்வதை.

யார் பக்கம் நிற்பது என்று நடுவர் மாதிரி கேட்கிறீர்கள். தீர்ப்புச் சொல்ல நீதிபதி இருக்கிறார், உங்களை யாரும் கேட்கவில்லை. அந்த நாளில் அவளை யார் கூட்டிப் போகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். எதிரியின் வீட்டு ஆட்கள் வண்டியில்தான் போகிறாள் என்றால், லீவு போட்டுவிட்டு நீங்கள் போங்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் துணை நபர் கேட்கலாம், அதற்கு விதி இருக்கிறது. அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. போகும் வழியில் இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். பொங்கலுக்கு முன்பா பின்பா என்று நீங்கள் சரிசெய்து கொடுத்தால், சொல்லிக்கொடுத்த சாட்சி என்று குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொள்வார்கள். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லட்டும். சாப்பிட ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காத்திருக்க வேண்டியிருக்கும்.